சாரதி முதலில் கேட்டான்



கீதையின் முதல் அத்தியாயத்தில் கண்ணன் எத்தனை வாக்கியம் பேசுகிறான் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றே ஒன்று. தேரை இரண்டு சேனைகளுக்கும் நடுவில் நிறுத்தி, எதிரே கூடியிருக்கும் குரு வம்சத்தாரைப் பார்க்கச் சொல்கிறான். அவ்வளவுதான். அதற்கப்புறம் பேச்செல்லாம் அர்ச்சுனன் பேச்சு. கைகால் தளர்கிறது, வாய் உலர்கிறது, உடம்பு நடுங்குகிறது, காண்டீபம் நழுவுகிறது, தோல் எரிகிறது, நிற்க முடியவில்லை. போமனிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தியவன் மாதிரி அறிகுறிகளை அடுக்குகிறான். காரணத்தையும் அவனே சொல்லிவிடுகிறான்: உறவுகள் மேல் இரக்கம், குலம் அழியுமே என்ற கவலை. உலகத்துக்கே உபதேசம் செய்யப் போகிறவன், கடிவாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இந்த அத்தியாயத்தை வேகமாகத் தாண்டிவிடுவோம். "சரக்கு ரெண்டாவதுலதான் இருக்கு" என்பார்கள். இந்த மௌனமும் சரக்குதான் என்பது என் எண்ணம். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்பதை ஒரு இன்ஜின் சத்தத்தை வைத்துச் சொல்கிறேன்.

கிள்ளானில் நாங்கள் ஆறேழு பேர், பழைய கார் என்றால் பைத்தியம். அதில் ஒரு தம்பியின் வீட்டுக் காருக்கு இருபது வயதுக்கு மேல். காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமும் கூடவே வேகமெடுக்கும். பத்து நிமிஷம் ஓடினால் காணாமல் போய்விடும். அவன் அப்பா அந்தக் காரில்தான் தினமும் ஷா ஆலாமுக்கு வேலைக்குப் போகிறார்.

ஒரு சாயங்காலம் தெங்கு கிளானா சாலைப் பக்கம் மாமாக் கடையில் தே தாரிக்கோடு விசாரணை நடந்தது. "டேப்பட்டுடா, சந்தேகமே இல்ல." "ராட் பேரிங் போச்சு, இன்ஜின இறக்கணும், 3,000 வெள்ளி ரெடி பண்ணிக்கோ." "கெட்டி ஆயில் ஊத்து, சரியாயிடும்." ஒருத்தன், "பழைய காடி, அப்படித்தான் இருக்கும் லா" என்று கேஸையே மூடிவிட்டான். வேடிக்கை என்னவென்றால், தீர்ப்புச் சொன்ன ஒருவன்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. கார் அப்போது சூடாக, சத்தமே போடாமல் வெளியே நின்றுகொண்டிருந்தது.

எங்களில் மூத்தவர், பட்டறையில் வேலை செய்யும் ஒரு அண்ணன், கடைசியில் வாயைத் திறந்தார். "ராத்திரி காடிய என் வீட்டு வாசல்ல விட்டுட்டுப் போ. காலைல ஆறு மணிக்கு, இன்ஜின் ஜில்லுனு இருக்கறப்போ எல்லாரும் வாங்க. வந்து யாரும் பேசக்கூடாது."

காலையில் முதலில் ஆயில் அளவைப் பார்த்தார். சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் சத்தம் வந்தது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டார். வால்வு மூடி மேல் சத்தம் லேசு. வெளி பெல்ட்டைக் கழற்றி, அரை நிமிஷம் மட்டும் ஓடவிட்டார். சத்தம் அப்படியே இருந்தது. ஆக, ஆல்டர்னேட்டரும் ஏர்கோண்டும் நிரபராதிகள். இன்ஜினை நிறுத்தி மூன்றாவது சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, சில விநாடி ஓட்டினார். சத்தம் அடங்கிவிட்டது. "பாத்தியா, ராட் பேரிங்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அண்ணன் திரும்பவே இல்லை. ராட் பேரிங் என்றாலும் அடங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கேஸ்கெட் விட்டிருந்தாலும் அடங்கும். அந்த சிலிண்டரில் வெடிப்பு இல்லையென்றால் தட்டவும் அழுத்தம் இல்லை, ஓட்டை வழியாகச் சீறவும் அழுத்தம் இல்லை. அறிகுறி ஒன்று, காரணம் இரண்டு. பிரித்துச் சொன்னது சூடு. பேரிங் தேய்ந்த இன்ஜினில், ஆயில் சூடாகி இளகினால் சத்தம் பெரும்பாலும் மோசமாகும். இங்கே சூடு ஏறினால் மறைகிறது. இரும்பு விரிந்து இடைவெளியை அடைக்கிறது. ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்தினார். மூன்றாவது துவாரத்தில் 'புஸ் புஸ்'. டார்ச் அடித்தால் அங்கே கரிக்கோடு. இன்ஜினை ஆறவிட்டு, புது கேஸ்கெட் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறையாக இறுக்கினார். இன்ஜினை யாரும் இறக்கவில்லை.

நம் வேதத்துக்கே சுருதி என்றுதான் பெயர். கேட்கப்பட்டது என்று பொருள். சைவ சித்தாந்தம் ஞானத்துக்கு நான்கு படி சொல்கிறது: கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை. தெளிதல் மூன்றாவது படி என்பதைக் கவனியுங்கள். நாம் ஏறுவதே மூன்றாவது படியில்தான். புதுக் கார் வாங்கினால் கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுகிறோம், எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றுகிறோம், ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்கிறோம். எல்லாம் நல்லதுதான். மற்ற நாட்களில் அதே கார் ஏதாவது முனகினால் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுகிறோம்!

காரோடு போனால் பரவாயில்லை. நம் வகுப்புக்கு ஒழுங்காக வந்த ஒரு நண்பன் திடீரென்று நின்றுவிட்டான். நம் கூட்டம் உடனே தீர்ப்பு எழுதியது: கூட்டாளிங்க சரியில்ல, சாமி நம்பிக்கை போயிடுச்சு, சம்பாதிக்க ஆரம்பிச்சதும் திமிர். அந்தப் பட்டறை அண்ணன்தான் அவன் வீட்டுக்குப் போனார். முதல் நாள் அவன் பேசவில்லை. இவரும் ஒன்றும் கேட்காமல் டீ குடித்துவிட்டு வந்தார். மூன்றாவது தடவைதான் வாய் திறந்தான். அவன் அப்பாவின் கருமாதி அன்று, நம்மில் ஒருவர் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "எல்லாம் அவரோட கர்மா தம்பி" என்றாராம்.

கர்மா நம் சமயத்தின் ஆழமான தத்துவம். நம் செயலுக்கு நாமே பொறுப்பு என்று நிமிர்த்தி வைக்கிற தத்துவம். அடுத்தவன் அழும்போது அதை எடுத்துச் சொன்னால், "பழைய காடி, அப்படித்தான் இருக்கும்" என்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பேச்சை மூடுகிற மூடியாகத்தானே ஆகிறது?

கண்ணன் கண்டிக்காதவன் இல்லை. இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் இரண்டே சுலோகத்தில் சுருக்கென்று கேட்கிறான். ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, வருகிற ஓசையை வைத்து விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பார்களே, அது மாதிரி ஒரு தட்டு. ரயில்வே குடும்பங்கள் வாழ்ந்த பிரிக்ஃபீல்ட்ஸ் தாத்தாக்களிடம் கேட்டால் விளக்கிச் சொல்வார்கள். தட்டியதும் அர்ச்சுனனின் ஓசை மாறுகிறது. எது தர்மம் என்றே குழம்பிவிட்டேன், உன் சீடன் நான் என்கிறான். உபதேசம் அதற்குப் பிறகுதான்.

பதினான்காம் நாள் போர் இன்னொரு சாட்சி. சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன் என்று அர்ச்சுனன் சபதம் செய்திருக்கிறான். பாதி வழியில் குதிரைகள் தளர்ந்துவிட்டன. இருக்கிற அவசரத்தில் சாட்டையை எடுக்கத்தானே தோன்றும்? போர்க்களத்தின் நடுவிலேயே தேரை நிறுத்தி, குதிரைகளை அவிழ்த்து, அம்புகளைத் தன் கையால் பிடுங்கி, தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, மறுபடி பூட்டினான் கண்ணன். அர்ச்சுனன் தரையில் நின்று எதிரிகளைத் தடுத்துக்கொண்டிருந்தான். துரோண பர்வத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

பதினெட்டு அத்தியாயமும் சொல்லி முடித்த பிறகும், நான் சொல்லிவிட்டேன், சரியாகியிருக்கும் என்று அவன் எழுந்து போகவில்லை. மனம் ஒன்றிக் கேட்டாயா, மயக்கம் தீர்ந்ததா என்று அர்ச்சுனனிடமே கேட்கிறான்.

கேஸ்கெட் மாற்றிய அன்று, கார் அமைதியாக ஓடுகிறது என்று நாங்கள் கை தட்டினோம். அண்ணன் சாவியைத் தரவில்லை. சூடாக இருந்தால் இது முன்னாடியும் அமைதிதானே என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, அந்தத் தம்பியின் அப்பா வேலை உடுப்போடு பக்கத்தில் நிற்க, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரப்பர் குழாயை மறுபடி காதில் வைத்துக் கேட்ட பிறகுதான் கொடுத்தார்.

நண்பன் இன்னும் வகுப்புக்குத் திரும்பவில்லை. அண்ணன் வியாழக்கிழமைதோறும் போய் வருகிறார். இந்த வாரம் நாங்கள் இரண்டு பேர் கூடப் போகிறோம்.