ஈகையா, உரிமையா?

நோயுற்ற வறியவனுக்கு மருத்துவம் கிட்டுவது பிறர் ஈகையா, அவனது உரிமையா? இவ்வினாவை எண்ணுங்கால் கனடா நாட்டு டாமி டக்ளஸ் நம் நினைவுக்கு வருகிறார்.

சிறுவயதில் அவர் கால் எலும்பில் சீழ் பிடித்தது. பெற்றோரிடம் பொருளில்லை, காலை இழக்கும் நிலை. மாணவர்களுக்குப் பாடமாகட்டும் என்று மருத்துவர் ஒருவர் இலவசமாகச் சிகிச்சை செய்தார், கால் பிழைத்தது. அந்நற்பேறு வாய்க்காத பிள்ளைகளின் கதி என்ன என்பதே டக்ளஸின் வாழ்நாள் கேள்வியாயிற்று.

சஸ்காச்சுவான் மாகாண முதல்வராக, அரசு மருத்துவக் காப்பீட்டை முன்வைத்து 1960 தேர்தலில் அவர் வென்றார். 1962 ஜூலை முதல் நாள் திட்டம் நடைமுறைக்கு வந்தபோதோ, தம் தொழிற் சுதந்திரம் பறிபோகுமென அஞ்சிய மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். மக்களிலும் பலர் அவர்கள் பக்கம் நின்றனர். 1964-இல் ஆளுங்கட்சி தோற்றது. ஆயினும் வென்றவர்கள் திட்டத்தை ஒழிக்கவில்லை. 1966-இல் நாடு முழுமைக்கும் அதற்கெனச் சட்டம் பிறந்தது. 2004-இல் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் கனடாவின் மாமனிதராக மக்கள் தேர்ந்ததும் டக்ளஸையே!

மக்கள் கருத்தை நாம் இகழவில்லை. அதன் இசைவின்றித் திட்டம் பிறந்திராது. ஆனால் அனுபவத்துக்கு முன் எழும் கருத்தில் அச்சமும் கலந்திருக்கும். அனுபவத்துக்குப் பின் எழுவதே சாட்சியம். சாட்சியம் வரும்வரை பொறுத்திருப்பது ஆள்வோர் கடன்.

கால் காத்த மருத்துவரின் ஈகையைப் போற்றுவோம். எனினும், ஒரு குழந்தையின் கால் ஒருவர் மனமிரங்குவதையே நம்பியிருப்பது அறமாகுமா?