சர்வகலாசாலையிலே நல்லாசிரியரை அறியுமாறு

சர்வகலாசாலைகளிலே ஆராய்ச்சி செய்வோரை அறிதல் எளிது. நன்கு கற்பிப்போரை அறிதல் அரிது. ஆராய்ச்சியாளர் எழுதிய நூல்களை எண்ணலாம். பதவியுயர்வுக்குச் சான்றாகக் காட்டலாம். போதித்தவர் செய்த வேலையோ மாணாக்கர் அறிவினுள்ளே புகுந்து மறைந்துவிடுகின்றது. சரித்திரம், தத்துவம், இலக்கியம், சமூகவியல் என்னும் கலைகளிலே அஃது எந்நாள் வெளிப்படுமென்று கூறுதலும் இயலாது.

மேனாட்டார் இக்குறையை நீக்க முயன்றனர். இங்கிலாந்திலே 2000ஆம் ஆண்டிற் சிறந்த போதகர்க்குத் தேசிய விருது ஏற்படுத்தப்பட்டது. 2017ஆம் ஆண்டிலே சர்வகலாசாலைகளுக்கே, ஓட்டப்பந்தயத்திற்போலப் பொன், வெள்ளி, வெண்கலம் எனத் தரமிட்டனர். தவணையிறுதியிலே மாணாக்கரைக் கொண்டு ஆசிரியருக்குப் புள்ளியிடுவிக்கும் வழக்கமும் பலவிடத்துண்டு. கருத்து நன்றே, ஆயினும், அக்காலத்தில் மாணாக்கர் எதனை அறிவர்?

அமெரிக்க ஆகாயப்படைக் கல்லூரியிலே மாணாக்கர் ஆசிரியரைத் தாமே தெரிந்துகொள்வதில்லை. அங்கே நிகழ்ந்த கணித போதனையை ஆராய்ந்து காரெல், வெஸ்ட் என்னுமிருவர் 2010ஆம் ஆண்டிலே ஒரு முடிபு வெளியிட்டனர். மாணாக்கர் மிக மெச்சிய ஆசிரியரிடம் பயின்றோர் அப்பாடத்திலே நன்கு தேறினர். அதன்மேற் செல்லும் பாடங்களிலோ பின்னிட்டனர். கணிதத்திலேயே இவ்வாறாயின், கலைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

நன்னூற் பாயிரத்திலே பவணந்தி முனிவர், ஆசிரியராகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பவற்றை உவமை கூறியதை நாம் வகுப்பிலே படிப்பிக்கின்றோம். இவற்றுள் முடத்தெங்கு இக்காலத்துக்கு மிகப் பொருந்தும். நீர்வார்த்து வளர்த்தவன் முற்றத்தை விட்டு, வளைந்து அயலான் வேலிக்குள்ளே காய் வீழ்த்துவது அது. கற்பித்தற்கென வேதனம் பெற்று, எதிரேயிருக்கும் மாணாக்கரை வாடவிட்டுத் தம் அறிவின் பயன் முழுவதையும் தூரதேசத்துச் சஞ்சிகைகளுக்கே அளிப்பவர் அதனையே ஒப்பர். குறிப்புச் சொல்லி எழுதுவித்துப் பரீட்சையில் அதனையே திருப்பிக் கேட்பவர்க்கு இந்நான்கனுள் உவமையில்லை. பவணந்தியார் காலத்தில் அவர் தோன்றிலர்போலும்.

நல்லாசிரியர் புகழை விரும்பார், ஆதலின் விருது வேண்டா என்பர் சிலர். அற்றன்று. நன்கு கற்பித்தவர் கீழிருக்க ஏனையோர் பதவியுயர்வு பெறின், பாடத்தை ஆயத்தஞ்செய்தல் வீண் என்பதையே இளம் விரிவுரையாளர் கற்றுக்கொள்வர். அதன் நட்டம் ஈற்றிலே நம் பிள்ளைகளைச் சேரும்.

எங்ஙனமெனின், கலைப்பட்டதாரிகளுட் பலர் பாடசாலைக்கே வருகின்றனர். 1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் வசமாயிற்று என்று ஓராசிரியர் படிப்பிக்கும்போது, "ஐயா, அஃது எவ்வாறு தெரியும்?" என்று ஒரு பிள்ளை வினாவுவதாகக் கொள்வோம். "புத்தகத்தில் இருக்கின்றது, இரு" என்று அடக்குவாருமுளர். யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்து நூல், போர்த்துக்கேயர் எழுதியவை வென்றோர் எழுதியவை, இரண்டையும் ஒப்புநோக்கியே துணிதல் வேண்டும் என்று விளக்குவாருமுளர். பின்னவருக்கு அவ்வழக்கத்தை ஊட்டியவர் யாரென்று கேளுங்கள். விருதுக்குரியவர் அவரே.

ஆதலின் தவணையிறுதியில் மாத்திரமன்றி, ஐந்தாண்டு கழித்தும் பட்டதாரிகளை வினாவுதல் முறை. எவரிடம் கற்றது இன்றும் வகுப்பிலே உதவுகின்றது, எவ்வாறு உதவுகின்றது என்று ஒவ்வோராசிரியரும் ஒரு கடிதம் எழுதுதல் அரிதன்று. நம் ஆசிரியர் சங்கங்கள் அவற்றைத் திரட்டிச் சர்வகலாசாலை மூதவைக்கு அனுப்புதல் தகும்.