சவம் போன பாதை

அயர்லாந்தின் மேற்குக் கரையில், வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கில் தீவின் வாசல்வரை ஒரு ரயில் பாதை இருந்தது. 1894-ல், திறப்பு விழாவுக்கு முன்பே அதில் வந்தவை பிணங்கள். ஸ்காட்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போகக் கப்பலேற வந்த தீவுவாசிகள். படகு கவிழ்ந்து 32 பேர் மாண்டார்கள். 1937-ல் பாதையை மூடும் தறுவாயிலும் அதே சுமைதான்: ஸ்காட்லாந்தில் கொட்டகைத் தீயில் மாண்ட 10 கூலிக்காரப் பிள்ளைகள். இதை ஒரு தீர்க்கதரிசி முன்பே சொல்லிவைத்தார் என்பார்கள். வறுமைக்கு ஆரூடக்காரன் எதற்கு?

இன்று அதே வழியில், 42 கிலோமீட்டர், உல்லாசப் பயணிகள் சைக்கிள் விடுகிறார்கள். (மாண்டவர்களைக் கூட்டினாலும் 42 வருகிறது, இதற்கும் யாராவது ஆரூடம் கட்டாமலிருக்க வேண்டும்.) சவம் போன பாதையில் சிரித்துக்கொண்டு போவது தகுமா? தகும் என்றே எனக்குப் படுகிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் அவர்கள் கொடுக்கும் காசில், யாரோ ஒரு பையனாவது கப்பலேறாமல் ஊரோடு இருக்கலாம்.