வாத்தின் கண்ணில் ஒரு நொதி

ஆன்மிகச் சொற்பொழிவுகளில் இப்போது புரதமும் வந்துவிட்டது. "ஹீமோகுளோபின் ஆக்சிஜன் சுமக்கவே பிறந்தது, இன்சுலின் சர்க்கரையை அடக்கவே பிறந்தது. உருவம் எப்படியோ வேலையும் அப்படி. மனிதனும் தன் வேலைக்கென்றே படைக்கப்பட்டவன், அதுதான் சுயதர்மம்" என்கிறார்கள். கைதட்டல் விழுகிறது. கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதற்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது. முடிதிருத்துபவரின் மகன் என்ற முறையில் இன்னொன்றும் இருக்கிறது.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயம். ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியில் 124 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. கிறிஸ்டியன் அன்ஃபின்சன் அதை யூரியாவில் போட்டு, பிணைப்புகளை அறுத்து, மடிப்பு முழுவதையும் குலைத்தார். பிறகு யூரியாவை நீக்கியதும் அந்தச் சங்கிலி யார் உதவியும் இல்லாமல் பழைய வடிவத்துக்கே மடிந்து, மீண்டும் வேலையைத் தொடங்கியது. வடிவம் வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டிய இந்த ஆய்வுக்காக 1972-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பிறப்பிலேயே எல்லாம் எழுதியிருக்கிறது என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் எழுதியிருப்பது எது? 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்கள் திரும்பும். எந்தத் திருப்பத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும், எதில் இடிக்காது என்று அந்தப் படம் காட்டுகிறது. உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் இன்றும் தங்கள் மாதிரிகளை அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். வகுப்பில் அதைக் கரும்பலகையில் வரையும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: 'இங்கே போ' என்று இந்தப் படம் எவருக்கும் கட்டளை இடவில்லை. 'அங்கே போனால் இடிக்கும்' என்று மட்டும் சொல்கிறது. மிச்ச இடத்தைத் திறந்தே விட்டிருக்கிறது.

சரி, வடிவம் மடிந்து முடிந்தபிறகாவது வேலை ஒன்றுதானா? லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியைப் பாருங்கள். தசையிலும் இதயத்திலும் சர்க்கரை எரியும் பாதையில் லாக்டிக் அமிலத்தைக் கையாளுவது அதன் வேலை. 1987-இல் வாத்தின் கண்வில்லையில் நெருக்கமாக அடைந்திருந்த ஒரு புரதத்தை ஆராய்ந்தபோது, அது இதே நொதிதான் என்று தெரிந்தது. முதலையின் கண்ணிலும் அது உண்டு. அங்கே அது ஒளியை வளைத்து விழித்திரைக்கு அனுப்பும் கண்ணாடியாக நிற்கிறது. சங்கிலியும் மடிப்பும் மாறவில்லை, நிற்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. நம் கண்வில்லையில் இருக்கும் ஆல்ஃபா-பி கிரிஸ்டலின்கூட இதயத்தசையில் மற்றப் புரதங்கள் கட்டி தட்டாமல் காவல் காக்கிறது. இவை எதற்காகப் பிறந்தவை என்று சொற்பொழிவாளர் சொல்லட்டும்.

என் அப்பாவின் கையை ஊரார் 'கத்தி பிடிக்கப் பிறந்த கை' என்றார்கள். காலையில் சவரம் செய்த அதே கைதான் சாயங்காலம் கட்டியைக் கீறிச் சீழ் எடுத்து மருந்து வைத்தது, பிசகிய தோளை ஏற்றியது. அம்மா ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள். வைத்தியம் வேண்டும்போது வீடு தேடி வந்தவர்கள், என் பெற்றோருடைய தர்மம் எது என்று பேசும்போது மட்டும் கத்தியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அந்தக் கையின் வழிவந்த விரல்களால்தான் நான் பிப்பெட் பிடித்தேன்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. அவர் எழுதுகிறார் என்றால் எல்லையைத்தான் எழுதுகிறார், உத்தியோகத்தை எழுதுவதில்லை என்பது என் எண்ணம். பயன் என்பது பொருளுக்குள் பூட்டி வைக்கப்பட்டதல்ல. அந்தப் பொருள் எங்கே நிற்கிறது, யாருக்குத் தேவைப்படுகிறது என்பதில் அது பிறக்கிறது.

இதற்குமேல் மனிதனையும் புரதத்தையும் ஒப்பிட முடியாது. கல்லீரலில் நிறுத்தினாலும் கண்ணில் நிறுத்தினாலும் புரதம் ஏனென்று கேட்காது. என்னை இங்கே நிறுத்தியது யார் என்று மனிதனால் கேட்க முடியும், மாட்டேன் என்று நகரவும் முடியும். அப்படிக் கேட்பதைப் பாவம் என்று போதிக்க விரும்புகிறவர்கள் தாராளமாகப் போதிக்கட்டும். உயிர்வேதியியலைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். அது வேறு சாட்சியம் சொல்கிறது.