பாடகன் பிழைத்தான், பன்னிருவர் பிழைக்கவில்லை

ஹோமரின் ஒடிஸி காவியத்தில், 22-ஆம் காண்டத்தில், ஒரு பாடகன் ஒடிஸியஸின் முழங்காலைக் கட்டிக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்கிறான். பெயர் ஃபீமியஸ். அரசன் ஒடிஸியஸ் ஊரில் இல்லாத காலத்தில் அவன் மனைவி பெனலோப்பியை மணக்க வந்து, அவன் ஆடு மாடுகளைத் தின்று தீர்த்த 108 பேருக்கு விருந்துதோறும் பாடியவன் அவன். தானாக விரும்பிப் பாடவில்லை, வலியவர்கள் கட்டாயப்படுத்தினார்கள் என்கிறான். அது உண்மைதான் என்று அரசனின் மகன் டெலிமாக்கஸ் சாட்சி சொல்கிறான். பாடகன் பிழைத்துக்கொண்டான்.

அதே நாளில், அதே வீட்டில், 12 அடிமைப் பெண்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

அவர்கள் மீதான குற்றம், அந்த 108 பேரில் சிலரோடு படுத்தது. ஊர் திரும்பிய ஒடிஸியஸ் அந்த 108 பேரையும் கொன்றிருந்தான்; அவர்களின் பிணங்களை முதலில் அந்தப் பெண்களையே தூக்கவைத்தார்கள். மேசைகளிலும் நாற்காலிகளிலும் படிந்த இரத்தத்தைக் கழுவவைத்தார்கள். பிறகு வெளியே ஓட்டிப்போனார்கள். வாளால் வெட்டும்படி ஒடிஸியஸ் சொல்லியிருந்தான். அப்படிக் கௌரவமாகச் சாக இவர்கள் தகுதியானவர்கள் இல்லை என்று டெலிமாக்கஸ் கப்பல் கயிற்றை எடுத்தான்.

கட்டாயம் என்ற வார்த்தை பாடகனைக் காப்பாற்றியது. இந்தப் பெண்களிடம் யாராவது அதைக் கேட்டார்களா? இல்லை. சிலர் சிரித்தபடியே இரவில் வெளியே போனதையும் ஹோமர் மறைக்கவில்லை. எல்லோரும் அப்பாவிகள் என்று வாதாட வேண்டியதில்லை. ஆனால் அதே 22-ஆம் காண்டத்தின் தொடக்கத்தில், வில்லைக் கையில் பிடித்து நின்று, எதிரிகளின் குற்றங்களை ஒடிஸியஸ் அடுக்குகிறான். அதில் ஒன்று: என் வீட்டுப் பணிப்பெண்களைப் பலாத்காரமாக உங்கள் படுக்கைக்கு இழுத்தீர்கள் என்பது. குற்றம் சாட்டும்போது அவர்கள் பலியானவர்கள்; தண்டிக்கும்போது துரோகிகள். மூவாயிரம் ஆண்டுகளை நெருங்கும் ஒரு கதைதான் என்று இதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டாலும் தள்ளிவிட முடியவில்லை. தூக்கில் தொங்கிய அந்தப் பன்னிரண்டு பெண்களையும் 2005-ல் ஒரு நாவலில் பேசவைத்தார்.

ஒடிஸியஸின் பெருமை பொய்யல்ல. ட்ராய் நகரில் பத்தாண்டுப் போர், திரும்பும் வழியில் பத்தாண்டு அலைச்சல். தன்னோடு தங்கினால் சாவே கிடையாது என்று தேவதை காலிப்ஸோ ஆசை காட்டியபோதும், மூப்பும் மரணமும் உள்ள மனைவியிடமே திரும்பிப் போக விரும்பினான். இறந்தவர்களின் மேல் நின்று வெற்றிக் குரல் எழுப்பக்கூடாது என்று கிழச் செவிலி யூரிக்லியாவை அடக்கியவனும் அவன்தான். அடுத்த மூச்சிலேயே, எந்தப் பெண்கள் குற்றவாளிகள் என்று அவளிடமே பட்டியல் கேட்டவனும் அவன்தான்.

அவனோடு போனவர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். ட்ராய் நகரிலிருந்து 12 கப்பல்களோடு கிளம்பினான். ஊர் சேர்ந்தது அவன் ஒருவன் மட்டும். சூரியதேவனின் மாடுகளைத் தின்ற மடமையால் தோழர்கள் அழிந்தார்கள் என்று காவியம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. மாட்டைத் தின்றதோ ஒரே ஒரு கப்பலின் ஆட்கள். மற்ற பதினோரு கப்பல்களும் அதற்கு முன்பே லைஸ்ட்ரிகோனியர் என்ற ராட்சதர்களின் துறைமுகத்தில் நொறுங்கிப் போயிருந்தன. தன் கப்பலை மட்டும் துறைமுகத்துக்கு வெளியே கட்டிவைத்தவன் ஒடிஸியஸ். பிள்ளைகளைப் பறிகொடுத்த, அவன் ஊரான இதாக்காத் தீவின் மக்கள் இதை மறக்கவில்லை. கடைசிக் காண்டத்தில் யூப்பீத்தஸ் என்ற தகப்பன் சபையில் எழுந்து, கப்பலையும் தொலைத்தான், ஆட்களையும் தொலைத்தான், மிச்சமிருந்த இளைஞர்களையும் வந்து கொன்றான் என்று அழுதுகொண்டே முறையிடுகிறான்.

கிரேக்கர்களே இவனைக் கேள்வி கேட்காமல் விடவில்லை. கி.மு. 416-ல் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவைச் சுற்றி வளைத்தது. அது பணிந்ததும் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியது. சில மாதங்களில், கி.மு. 415-ல், அதே ஏதென்ஸ் நகர மேடையில் யூரிப்பிடிஸின் ட்ராய் பெண்கள் நாடகம் அரங்கேறியது. அதில் ட்ராய் வீரன் ஹெக்டரின் கைக்குழந்தையைக் கோட்டைச் சுவரிலிருந்து எறியச் சொல்லும் யோசனை ஒடிஸியஸுடையது. கி.மு. 409-ல் சோஃபக்ளிஸ் தன் நாடகம் ஒன்றில், புண்பட்ட காலோடு தீவில் கைவிடப்பட்ட ஃபிலாக்டெடிஸின் வில்லைப் பறிக்க ஓர் இளைஞனுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறவனாக அவனைக் காட்டினார். அந்த நாடகத்துக்கு முதல் பரிசும் கிடைத்தது.

அதே சோஃபக்ளிஸ்தான் அயாக்ஸ் நாடகத்தில் வேறொரு ஒடிஸியஸையும் தந்தார். கிரேக்க வீரன் அயாக்ஸ் அவனுக்குப் பரம எதிரி. அவனைக் கொல்லத் துடித்து, கடைசியில் தற்கொலை செய்துகொண்டவன். உடலைப் புதைக்கவிடக் கூடாது என்று படைத்தலைவன் அகமெம்னான் தடுக்கிறான். ஒடிஸியஸ் குறுக்கே வந்து, இறந்த வீரனை அவமதிப்பது நீதியல்ல என்று வாதாடி வெல்கிறான். இந்த ஒடிஸியஸை மனதாரப் போற்றலாம். அயாக்ஸின் தம்பி டியூசர் போற்றவும் செய்கிறான். ஆனால் இறுதிச் சடங்கில் கைகொடுக்க வரட்டுமா என்று ஒடிஸியஸ் கேட்டபோது மறுத்துவிடுகிறான்: இறந்தவனுக்கு அது பிடிக்காது. அந்த மறுப்பை ஒடிஸியஸ் ஏற்றுக்கொள்கிறான்.