பிழை யாரைச் சாரும்?

கற்பித்தவர் செவ்வனே கற்பித்தும் கற்றவன் தவறாக ஒப்பித்தால், அந்தப் பிழை யாரைச் சாரும்? பாடம் சொல்லும் இடங்களிலெல்லாம் எழுகின்ற பழைய வினா இது. ஆசிரியர் ஸ்தானத்தில் இருப்பவரே பொறுப்பாளர் என்பது பெருந்தன்மையான விடைதான். ஆனால் அந்த ஸ்தானத்தில் ஒரு சிறுவனை அமர்த்திவிட்டு அதே விடையைச் சொல்லலாகுமா? வீட்டையே பாடசாலையாக்கி ஒன்பது மக்களை வளர்த்த ஒரு லண்டன் குடும்பத்தின் வரலாறு இவ்வினாவை மிகவும் கூர்மையாக்கித் தருகிறது.

ஜேம்ஸ் மில் என்பவர் ஸ்காட்லாந்தில் 1773இல் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1802இல் லண்டன் சேர்ந்து, 1805இல் மணம் புரிந்து, பத்திரிகைகளுக்கு எழுதிக் கிடைத்த பொருளைக் கொண்டே குடும்பத்தை நடத்தினார். 1806 மே 20ஆம் நாள் பிறந்த மூத்த மகனே பிற்காலத்தில் தத்துவ அறிஞராக உலகம் போற்றிய ஜான் ஸ்டூவர்ட் மில். அவருக்குப் பின் எண்மர் பிறந்தனர். ஜானைத் தந்தை எந்தப் பள்ளிக்கும் அனுப்பவில்லை. தாமே கற்பித்தார். மூன்றாம் வயதில் கிரேக்கம் தொடங்கியது. சொல்லும் பொருளும் எழுதிய சிறு அட்டைகளே முதற் பாடம். பின்னர் ஈசாப்பின் கதைகள்.

தந்தை எழுதும் மேசையிலேயே மகனும் அமர்ந்து படித்தான். அக்காலத்தில் கிரேக்கத்துக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதி இல்லை. இருந்தவை லத்தீனில் பொருள் கூறுபவை. பையனோ லத்தீன் தொடங்கியிருக்கவில்லை. ஆகவே தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் தந்தையைக் கேட்டான். பொறுமை என்பது ஸ்வபாவத்திலேயே இல்லாத அம்மனிதர், இந்த ஓயாத இடையூற்றைப் பொறுத்துக்கொண்டு, பல பாகங்கள் கொண்ட தமது இந்திய சரித்திரத்தை எழுதினார். மூத்த மகன் பிறந்த ஆண்டில் தொடங்கிய அந்நூல் முடியச் சற்றேறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்நூலைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். இந்நாட்டு மொழி ஒன்றையும் அறிந்தவரும் அல்லர். அது குறையாகாது என்று முன்னுரையிலேயே வாதிட்டார். ஹிந்துக்களின் சாஸ்திரங்களையும் நாகரிகத்தையும் மிகத் தாழ்வாக எழுதினார். பின்னர் ஸம்ஸ்கிருதப் பேராசிரியரான ஹோரேஸ் ஹேமன் வில்சன் அந்நூலை மறுபதிப்புச் செய்தபோது, அடிக்குறிப்புகளில் ஆசிரியரைத் திருத்திக்கொண்டே செல்ல வேண்டியதாயிற்று. மகன் கேட்ட சொல்லுக்கெல்லாம் பொருள் சொல்லியவர், தாம் பொருள் அறியாத மொழிகளைப் பற்றித் தயக்கமின்றித் தீர்ப்பு எழுதியது விந்தையே.

நிற்க. அக்குடும்பத்தின் படிப்பில் இனிமையான பகுதியும் உண்டு. 1810 முதல் 1813 வரை நியூயிங்டன் கிரீனில் வசித்தபோது, காலை உணவுக்கு முன் தந்தை உலாவச் செல்வார்; மகனும் உடன் செல்வான். முன்தினம் படித்த சரித்திர நூல்களைத் துண்டுத் தாள்களில் குறித்து வைத்திருப்பான். அவற்றைப் பார்த்து நடந்துகொண்டே தந்தைக்குச் சொல்வான். குறிப்பெடு என்று எவரும் கட்டளையிடவில்லை, தானே செய்தான். பசுமையான பாதைகளும் காட்டுப் பூக்களும் படித்த கதைகளும் ஒன்றாகக் கலந்து நினைவில் நின்றன என்று முதுமையில் எழுதுகிறார். கதைப் புத்தகங்கள் வீட்டில் மிகக் குறைவு. இருந்த சிலவற்றுள் ராபின்சன் குரூசோவே சிறுவனுக்கு நெடுநாள் இன்பம் அளித்தது. அரேபிய இரவுகள் முதலியவற்றைத் தந்தை இரவல் வாங்கித் தந்தார். விடுமுறை மட்டும் கிடையாது. உழைக்கும் பழக்கம் கெட்டுவிடுமாம்.

எட்டாவது வயதில் லத்தீன் தொடங்கியது. அப்போதுதான் புதிய ஏற்பாடு ஒன்று வந்தது. தான் கற்கக் கற்கத் தங்கைக்கும் அவன் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவள் தந்தையிடம் ஒப்பிக்க வேண்டும். பின்னர் மற்றத் தங்கைகளும் தம்பிகளும் ஒருவர்பின் ஒருவராக அவனுடைய மாணாக்கர் ஆயினர். அவர்கள் தவறினால், தன் பாடத்துக்குப் போலவே அவர்கள் பாடத்துக்கும் அவனே பொறுப்பு.

1817இல் பிரான்சிஸ் பிளேஸ் என்னும் தையற்காரர், அரசியல் சீர்திருத்தம் நாடியவர், இக்குடும்பத்தோடு சில காலம் தங்கியிருந்தார். ஜெரிமி பெந்தாம் வாடகைக்கு எடுத்திருந்த ஃபோர்ட் அபி என்னும் பெரிய மாளிகையில் அவர்கள் அனைவரும் இருந்தனர். அங்கிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்று உள்ளது. அன்று காலை இரு சிறுமிகள் பாடத்தைச் சரியாக ஒப்பிக்கவில்லை. ஒரு மணிக்கு மேலே சென்ற உணவு உண்ணப்படாமல் கீழே திரும்பி வந்தது. மூன்று மணிக்கும் அவர்கள் புத்தகத்தோடு அமர்ந்திருந்தனர். உடன் ஜானும் அமர்ந்திருந்தான்; தெரியாதவர்களைத் தெரிந்தவர்கள் என்று அனுப்பிவிட்டது அவன் குற்றம். மூவருக்கும் ஆறு மணி வரை உணவில்லை. தவறியது எத்தனை? ஒரே ஒரு சொல். இதை எழுதிய பிளேஸ், அந்தப் போதனா முறையைத் தாம் கண்டவற்றுள் மிகச் சிறந்தது என்று மெச்சியவர். ஆகவே பகைமையால் மிகைப்படுத்தினார் என்று தள்ள இயலாது.

தந்தையின் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பிழைப்புக்காக நாள் முழுதும் எழுதுபவர் இத்தனை குழந்தைகளுக்கும் ஒருவராகக் கற்பித்தல் அரிது. மேலும் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கே பாடம் உறுதியாக நிற்கும் என்பது இலக்கணம் பயின்றவர் அனைவரும் அறிந்தது. ஜானும் அந்தப் பயனை மறுக்கவில்லை. ஆயினும், குழந்தைகளைக் கொண்டு குழந்தைகளுக்குக் கற்பித்தல் போதனையாகவும் பயன்படாது, இரு சாராருடைய ஒழுக்கத்துக்கும் நல்லதன்று என்பதே 1873இல் வெளிவந்த அவருடைய சுயசரிதையில் காணும் தீர்ப்பு.

ஏன் நல்லதன்று? பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், இன்று இது போதும் என்று நிறுத்தும் உரிமையும் உள்ளவனிடத்தில் பொறுப்பைச் சுமத்துவது தர்மம். அச்சிறுவனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. தண்டனையில் மட்டும் முழுப் பங்கு இருந்தது. இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிழை கற்பித்தவரைச் சாருமாயின், தங்கையின் பிழை ஜானைச் சாரும். ஜானின் பிழையோ அவனுக்குக் கற்பித்த தந்தையைச் சார வேண்டுமன்றோ? அந்த நியாயம் மகனிடம் வந்ததும் நின்றுவிட்டது. தன்னால் அண்ணன் பட்டினி கிடக்கிறான் என்று தங்கை குறுக வேண்டும். இவளால் எனக்குச் சோறில்லை என்று அண்ணன் வெகுள வேண்டும். ஒரு சொல்லைத் திருத்துவதற்கு உடன்பிறப்பின் வாஞ்சையையே விலையாகக் கேட்கலாமா?

ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, இந்த வீட்டை நடத்திய தாயைப் பற்றி அச்சிட்ட அந்தச் சுயசரிதையில் ஒரு வரியும் இல்லை. இளைய பிள்ளைகள் தந்தையிடம் கனிந்த அன்பு கொண்டிருந்தனர் என்றும், தம்மைப் பற்றி அவ்வளவு சொல்ல முடியாவிடினும் தாம் என்றும் அவரிடம் பக்தி மாறாதவர் என்றும் எழுதுகிறார். அந்த வாக்கியத்தைக் கடந்து செல்வது எளிதன்று. 1826இல், இருபதாம் வயதில், எதிலும் சுவை காணாத பெருஞ்சோர்வு அவரைப் பற்றியது. மார்மோன்டெல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளில் தந்தை இறந்த பகுதியைப் படித்துக் கண்ணீர் வந்தபோதுதான், தம் நெஞ்சம் கல்லாகிவிடவில்லை என்று தேறினார்.

கூடிப் படிப்பதை மட்டும் அவர் வெறுக்கவில்லை. 1825 முதல் சில ஆண்டுகள், லண்டனில் திரெட்நீடில் தெருவில் ஜார்ஜ் குரோட் என்பவர் இல்லத்து அறையொன்றில் நண்பர் சிலருடன் வாரம் இருமுறை கூடினார். காலை எட்டரை முதல் பத்து மணி வரை. அதன்பின் அவரவர் அலுவலுக்குச் செல்வர். ஒருவர் ஒரு பகுதியை உரக்கப் படிப்பார். ஆட்சேபம் உடையவர் எவரும் சொல்லலாம். ஒவ்வொருவரும் தத்தம் அளவில் தெளிவு பெறும் வரை அடுத்த பகுதிக்குச் செல்வதில்லை. அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது ஜேம்ஸ் மில் எழுதிய பொருளாதார நூல். பதின்மூன்று வயதில் மகன், தந்தை உலாவும்போது சொல்லியவற்றை மறுநாள் எழுதிக் காட்டி, தெளிவாகும் வரை திரும்பத் திரும்ப எழுதிய குறிப்புகளிலிருந்து உருவான நூல் அது.