பிறர் ஏட்டில் நம் ஆண்டு

ஆண்டிறுதியில் நாட்குறிப்பைப் புரட்டி, கடந்த நாள்களை எடைபோடுவது நற்பழக்கமே. ஆன்ம சோதனைக்கு அது துணை. ஆயினும் நாம் பட்ட காயங்களைத் தேதியிட்டுக் குறிக்கிறோம். பிறருக்குக் கொடுத்த காயங்கள் ஏட்டில் ஏறுவதில்லை. அவற்றை யார் எழுதுவார்?

பண்ருட்டிக்குத் தொலைவில்லாத புதுச்சேரியில், ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, வணிகம், ஊர்வம்பு எல்லாம் அதில் உண்டு. (வம்பைச் சற்றுச் சுவைத்தே எழுதுகிறார்!) 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் பதிந்தார். அருகிருந்த நம் ஆலயத்து இயேசு சபைக் குருக்கள் அதனை நெடுநாள் விரும்பியிருந்தனர் என்கிறார். குரு ஒருவர் இலிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தார் என்கிறார்.

அவர் நடுநிலையாளர் அல்லர் எனலாம். கிறிஸ்தவத் துபாஷிகளோடு அவருக்குப் போட்டி இருந்ததும் உண்மையே. அதனால் இடிந்த கோயில் இடியாததாகிவிடுமா? அக்குருக்களும் புனித இஞ்ஞாசியார் வகுத்தபடி நாள்தோறும் ஆன்ம சோதனை செய்யக் கடமைப்பட்டவர்கள். அன்றிரவுச் சோதனையில் அச்செயல் பாவமாகப் பட்டதா, திருப்பணியாகப் பட்டதா? இடிபட்டவர் தரப்பு நாட்குறிப்பு மட்டும் இல்லாதிருந்தால், நாம் இன்று இக்கேள்வியைக் கேட்டிருக்கவும் மாட்டோம்.

நம் ஊர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துக் கூலி பெறும் பெண்ணொருத்தி தன் ஆண்டை எழுதினால், ஞாயிறு தவறாமல் நற்கருணை உட்கொள்ளும் நம் பெயர் அதில் எந்த நாளில், எதற்காக வரும்?